நிலையான விலாசம்

நெம்மேலி, கால்வாய்க்கரை
6 பிப்ரவரி 1955

அன்பு மகள் சந்திரம்மாவுக்கு நைனா எழுதுவது.

கர்த்தர் புண்ணியத்தில் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. இடது முழங்கால் மட்டும் பனிக்காலத்தில் முரண்டு பிடிக்கிறது. வகுப்பறையில் சாக்குக்கட்டித் தூசியில் உனக்கு இருமல் வராமல் இருக்கிறதா?

உப்பள வேலையை விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மேஸ்திரி முத்துசாமி நல்ல மனிதன்தான். செவ்வாய்க்கிழமை காலையில் பாத்தியில் இறங்கப் போனேன். வெயில் ஏறுவதற்கு முன் உப்பு வெள்ளையாக இருக்காது, தெரியுமா? ரோஜாப்பூவை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஒரு நிறம். அதைப் பார்த்தபடியே நின்றேன். இந்த இடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது என்று தோன்றியது.

"அண்ணாத்த, நான் நாளைலேந்து வரல" என்றேன்.

"இன்னா ஆச்சு? யார்னா எதுனா சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. போறேன், அவ்ளோதான்."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கோ மேல்துண்டை உதறித் தோளில் போட்டபோது பதினெட்டு வயது மாதிரி இருந்தது.

இப்போது ஜெயினுலாபுதீன் பாயின் விறகுப் படகில் இருக்கிறேன். சவுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகப் பட்டணம் போகிற படகு. காற்று இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுக்க வேண்டும். காற்று வந்தால் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அப்போது நாம் போவதாகவே தெரியாது. பனைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகின்றன.

கடிதத்தைக் கோவளத்தில் பாயின் விறகு மண்டிக்கு எழுது.

உன் நைனா,
ஏசுபாதம்

*

செங்கல்பட்டு
20 பிப்ரவரி 1955

அன்புள்ள நைனாவுக்கு உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். இருமல் இல்லை. முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான், உப்பளத்து விலாசத்துக்கு நான் எழுதியது 'ஆள் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அதில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். மறுபடி எழுதுகிறேன்.

ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருக்கும் ஞானதாஸ் என்பவருக்காக என்னைக் கேட்டிருக்கிறார்கள். நம் சபையைச் சேர்ந்தவர்தான். அவருடைய தகப்பனார் தாவீது இருபத்தெட்டு வருஷமாக ஒரே வக்கீலின் ஆபீசில் பியூன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் தலைமையாசிரியை முன்னால் வைத்தே என்னைக் கேட்டார்.

"உங்க நைனா எங்க வேலை பாக்குறாரு?"

"கடற்கரைப் பக்கம்" என்றேன்.

"கடற்கரை பெருசாச்சே. கோவளமா, சட்ராஸா? எந்த இடம்?"

எந்த இடத்தைச் சொல்வேன், நைனா? உங்கள் உப்பள விலாசம் திரும்பி வந்திருந்தது. புது விலாசம் அப்போது வந்திருக்கவில்லை.

"ஒரு வருசம் ஒரு எடத்துல நிக்காத மனுசன் பொண்ணை எப்புடி எடுக்கறது? நாளைக்கு நல்லது கெட்டதுக்கு எங்கன்னு போய்த் தேடறது?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

அதனால்தான் கேட்கிறேன், உங்களுக்கு ஒரு நிலையான விலாசம் வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

தங்கள் மகள்,
சந்திரம்மா

*

மாமல்லபுரம்
15 மார்ச் 1955

அன்பு மகளுக்கு ஆசிகள். நான் திடமாக இருக்கிறேன். உன் பக்கத்துச் சுகத்தை எழுது.

பதில் தாமதமாகிவிட்டது. உன் கடிதம் மண்டியில் பத்து நாள் கிடந்து, ஒரு விறகு வண்டிக்காரர் கையில் என்னிடம் வந்து சேர்ந்தது. படகை விட்டுவிட்டேன். இங்கே பாறைக் கோயில்களைச் சுற்றி மண் அள்ளுகிறார்கள். அதில் வெட்டுவதும் கூடை தூக்குவதும் என் வேலை. நேற்று என் மண்வெட்டிக்குக் கீழே ஒரு படிக்கட்டு வந்தது. எத்தனை நூறு வருஷம் யாருடைய காலும் படாத படி! அதன்மேல் ஒரு நண்டு உட்கார்ந்து, வீட்டுக்காரன் மாதிரி என்னைப் பார்த்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

உனக்குப் பத்து வயது வரை நாம் இருந்த சேரியை நீ மறந்திருக்க மாட்டாய். என் தாத்தா, என் அப்பா, நான், மூன்று பேரும் ஒரே வீட்டில் படியாட்கள். வேலைக்குச் சேர்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. பிறந்தபோதே சேர்ந்திருந்தேன். ஆண்டை என்னை அடித்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விடிவதற்கு முன் வரப்பில் நின்று என் பெயரைக் கூப்பிடுவார். அந்தக் குரல் வந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். உன் அம்மா செத்த அன்றைக்கும் கூப்பிட்டார். போய்ச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மத்தியானமா வா" என்றார்.

மறு வாரம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு மிஷன் விடுதிக்கு நடந்தேன். அன்றிலிருந்து எந்த இடத்திலும் என் பெயரைக் கூப்பிட்டுப் பழகுவதற்குள் கிளம்பிவிடுகிறேன். இதை நான் யோசித்துச் செய்வதில்லை. கால் செய்கிறது.

இருக்கட்டும். பையன் எப்படி? உனக்குப் பிடித்திருக்கிறதா? அதை நீ எழுதவே இல்லையே.

நைனா

*

செங்கல்பட்டு
28 மார்ச் 1955

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, நலம் அறிந்து மகிழ்ந்தேன். நானும் சுகம்.

பிடித்திருக்கிறது. அவர் மெதுவாகப் பேசுகிறவர். பார்சல் ஆபீஸ் சத்தத்தில் எப்படி வேலை செய்கிறாரோ என்று நினைப்பேன். பெட்டிகளின் மேல் விலாசம் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பிரித்து எழுதுவார்.

நைனா, உங்கள் கால் உங்களைக் கேட்காமல் கிளம்புகிறது என்று எழுதினீர்கள். என்னால் அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆறு வருஷமாக நான் ஒரே வகுப்பறைக்குப் போகிறேன். ஒரே ஜன்னல், வெளியே ஒரே வேப்பமரம், அதற்கப்பால் ஏரி. காலையில் கதவைத் திறக்கும்போது எல்லாம் வைத்த இடத்தில் இருந்தால் எனக்குத் தைரியம் வருகிறது. நாளைக்கு நான் எங்கே இருப்பேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தெரியாது. திரும்பி வந்த கடிதங்கள் பதினொன்று என் பெட்டியில் இருக்கின்றன.

1953 நவம்பரில் ஒருமுறை

அந்த வரியை விட்டுவிடுங்கள், நைனா. அடித்தால் காகிதம் கிழியும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். வெயில் காலம் வருகிறது, மண் அள்ளும்போது தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மகள்,
சந்திரம்மா

*

மாமல்லபுரம்
20 ஏப்ரல் 1955

சந்திரம்மாவுக்கு, சுகம். உன் சுகத்தை எழுது.

வேலை கிடைத்துவிட்டது. நிரந்தரமானது. கடற்கரையை ஒட்டிச் சென்னைக்காரர் ஒருவர் பங்களா கட்டியிருக்கிறார். அதற்கு நான் வாட்ச்மேன். காக்கிச் சட்டை இரண்டு, தகரப் பெட்டி ஒன்று, கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை. முதலாளி நல்ல குணம். மாதத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு வருவார். மேனேஜர் வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார்.

கீழே விலாசம் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். தாவீது ஐயாவிடம் காட்டு. இது மாறாது.

நைனா

*

செங்கல்பட்டு
30 ஏப்ரல் 1955

அன்பான நைனாவுக்கு,

உங்கள் கடிதம் மூன்றே நாளில் வந்தது! தபால்காரர் கொடுக்கும்போதே வெளியில் நின்று படித்தேன். பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தாவீது ஐயா விலாசத்தை இரண்டு தடவை வாசித்தார். "இப்போதான் ஒரு மனுசன் மாதிரி கீது" என்றார். அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சந்தோஷத்தில் சொன்னார். ஜனவரியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

கடல் உங்கள் அறையிலிருந்து தெரிகிறதா? எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நான் பார்த்த மாதிரி. என் சுகத்துக்குக் குறைவில்லை.

சந்திரம்மா

*

மாமல்லபுரம்
12 ஜூன் 1955

சந்திரம்மாவுக்கு, சுகம்.

கல்யாணப் பேச்சு முடிந்ததில் சந்தோஷம். கேட் கீலுக்கு எண்ணெய் போட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

கடலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடல் இருக்கிறது.

நைனா

*

செங்கல்பட்டு
25 ஜூலை 1955

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சென்ற மாதம் மூன்று வரி எழுதினீர்கள். இந்த மாதம் இரண்டு வரி. கையில் ஏதாவது வலியா? இல்லை, வேலை அதிகமா? முன்பெல்லாம் உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்குக் கதை மாதிரி வாசித்துக் காட்டுவேன். ஜூன் மாதக் கடிதத்தை வாசித்ததும் ஒரு பையன், "டீச்சர், இது உங்க நைனா எழுதினது இல்ல" என்றான்.

அடுத்த மாதம் ஞானதாஸுக்கு ஒருநாள் விடுமுறை. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் அங்கே வந்து உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். உங்களுக்குப் பிடித்த வேர்க்கடலை உருண்டை கொடுத்தனுப்புகிறேன்.

சந்திரம்மா

*

மாமல்லபுரம்
18 செப்டம்பர் 1955

என் மகள் சந்திரம்மாவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

மாப்பிள்ளை வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. நல்ல பிள்ளை. உருண்டையைக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "அந்த டைபாய்டு காய்ச்சலுக்கு அப்புறம் அவுங்க முடியே பாதியா போச்சாமே மாமா. நீங்க எப்போ வந்து பாத்தீங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டார். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். 1953 நவம்பர். பதினேழு நாள் ஆஸ்பத்திரி. எனக்கு எழுதின கடிதம் திரும்பி வந்தது.

அந்த நவம்பரில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சட்ராஸுக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வேலையின் விலாசம்தான் உன்னிடம் இருந்தது. மழை விட்ட மாலைகளில் காளவாய்ப் புகை கடல்மேல் படிந்து, அதற்குள்ளே படகுகள் தண்ணீரைத் தொடாமல் போவது மாதிரி இருக்கும். சந்திரா, என் ஆயுசிலேயே அந்த மாதம்தான் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை. நீ கட்டிலில் கிடந்தபோது நான் புகையைப் பார்த்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

போன ஞாயிறு முதலாளி வந்தார். தோட்டம் சுத்தமாக இருக்கிறதென்று மெச்சிவிட்டு, "உன்ன மாதிரி ஆளு கிடைக்கமாட்டான், ஏசுபாதம். பேரன் பொறந்தா அவனும் இங்கயே இருக்கட்டும். தலைமுறைக்கும் இது உங்க வேலைன்னு வெச்சுக்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையைப் பார்த்தேன், என் அப்பாவின் கை மாதிரி இருந்தது.

ஆனாலும் போகமாட்டேன். இனிமேல் நீ எழுதுகிற கடிதம் எதுவும் திரும்பி வராது. கண் மூடும்வரை இங்கேதான் இருப்பேன்.

நைனா

*

செங்கல்பட்டு
9 அக்டோபர் 1955

என் நைனாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை நம்புங்கள். முடியும் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது.

ஞானதாஸ் அங்கிருந்து திரும்பி வந்த அன்றே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார், உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும். நீங்களே எழுதட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா கேட்டுக்கு உள்ள நின்னுகினே பேசினாரு. வெளிய வாங்க, எதுத்தாப்புல டீ குடிக்கலாம்னேன். கேட்டைப் பாத்தாரு. 'யார்னா வந்துட்டா?'ன்னாரு. பங்களாவுல ஈ காக்கா இல்ல, சந்திரா. பூட்டிக் கெடக்குது. நான் டீயை வாங்கியாந்து கம்பி வழியா குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு. கடலுக்கு முதுகைக் காட்டிகினு நின்னு குடிச்சாரு."

காய்ச்சலைப் பற்றி எழுதினீர்கள். உண்மையைச் சொல்கிறேன். உங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மற்றக் கட்டில்களுக்கெல்லாம் யாராவது வருவார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். பதினான்காம் நாள் என்று நினைக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு வந்த உங்கள் கடிதத்தை ஆயா கன்னியம்மா கொண்டுவந்தாள். புகைக்குள்ளே படகுகள் தண்ணீரைத் தொடாமல் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னால் படிக்க முடியவில்லை. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். மறுநாளும் வாசிக்கச் சொன்னேன். கோபமும் இருந்தது, அந்தப் படகுகளும் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுந்தேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள்.

நான் உங்களுக்கு ஒரு விலாசம் வேண்டுமென்று கேட்டேன். ஒரு கேட் வேண்டுமென்று கேட்கவில்லை.

வேலையை விட்டுவிடுங்கள், நைனா. இதோடு பன்னிரண்டு கார்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் என் விலாசம் எழுதியாயிற்று. இடம் மாறுகிற அன்றைக்கே ஊர்ப் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போடுங்கள். அது போதும். தாவீது ஐயாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சந்திரம்மா

*

செங்கல்பட்டு
6 நவம்பர் 1955

நைனாவுக்கு,

சுகம். நான்கு வாரமாகப் பதில் இல்லை. என் கடிதம் திரும்பியும் வரவில்லை. அதனால் அங்கேதான் இருக்கிறீர்கள். முன்பு நீங்கள் அங்கே இல்லையென்று கவலைப்பட்டேன். இப்போது அங்கேயே இருக்கிறீர்களே என்று கவலைப்படுகிறேன்.

தாவீது ஐயாவிடம் சொல்லிவிட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று ஞாயிறு கோயிலில் என் பக்கம் திரும்பவில்லை. ஞானதாஸ் என் பக்கத்தில்தான் நின்றார்.

சந்திரம்மா

*

சதுரங்கப்பட்டினம் (சட்ராஸ்)
2 டிசம்பர் 1955

அன்பு மகளுக்கு,

கார்டில் இடம் போதாது என்று கவர் வாங்கினேன். உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்காலும்கூட.

உன் கடிதத்தை அறையில் வைத்து தினமும் எடுத்துப் பார்த்தேன். நீ போகச் சொன்ன பிறகும் கால் நகரவில்லை. எட்டு மாதத்தில் அதற்கும் பழகிவிட்டது. அது எனக்குப் பயமாக இருந்தது. போன மாதக் கடைசியில் முதலாளி வந்தபோது, அவர் காரைவிட்டு இறங்குவதற்குள் சொல்லிவிட்டேன். இறங்கிவிட்டால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"சம்பளம் பத்தலயா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"மேனேஜர் எதாவது பேசினாரா?"

"இல்லீங்க. எம் பேரன் எங்க வேலை செய்யணும்னு அவனே பாத்துக்கட்டும்ங்க."

அவர் கோபப்படவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே, "நான் அப்படி நெனச்சுச் சொல்லலப்பா" என்றார். அது எனக்கும் தெரியும். காக்கிச் சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

கரையோரமாகவே நடந்தேன். இரண்டாம் நாள் ஒரு மேட்டில் உட்கார்ந்து, எட்டு மாதமாகப் பார்க்காத கடலைப் பார்த்தேன். அது யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் போய் நின்றேன், அலை வந்து காலடியில் மணலை இழுத்தது. பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குள் போனது. அழுதேனா என்று தெரியவில்லை. முகமெல்லாம் உப்பாக இருந்தது.

இங்கே மணல்மேட்டில் சவுக்கு நாற்று நடுகிறோம். தை பிறக்கும் வரை இருப்பேன் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவேன். தாவீது ஐயா பேசினாரா?

நைனா

*

செங்கல்பட்டு
14 டிசம்பர் 1955

நைனா, நைனா,

உங்கள் கவரைப் பார்த்ததும் அதன் கனத்திலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள். நானும்.

தாவீது ஐயா நேற்று பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஒரே வக்கீல் ஆபீசுல இருபத்தெட்டு வருசம். எனக்கு அது புடிச்சுது. கோர்ட்டுக் கட்டு எங்க கீதுன்னு வக்கீலுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். அதனால உங்க நைனாவைப் புரியல எனக்கு. இன்னிக்கும் புரியல" என்றார். அப்புறம் தரையைப் பார்த்தபடி, "கல்யாணத்தன்னிக்காவது எங்க இருப்பாருன்னு சொல்லும்மா" என்றார்.

"கோயில்ல இருப்பாரு, மாமா" என்றேன். முதல் தடவையாக அவரை மாமா என்று கூப்பிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞானதாஸுக்கு மாற்றல் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மறுவாரம் விருத்தாசலம் போக வேண்டும். அங்கே மிஷன் பள்ளியில் எனக்கும் இடம் இருக்கிறது. நான் ராஜினாமாக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வேப்பமரத்தைப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது. இதை எப்படித்தான் இத்தனை தடவை செய்தீர்களோ!

சந்திரம்மா

*

விருத்தாசலம், ரயில்வே குடியிருப்பு
5 பிப்ரவரி 1956

அன்புள்ள நைனாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கல்யாணத்தில் நீங்களும் மாமாவும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறோம். கையில் மிச்சமிருக்கிற கார்டுகளில் என் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டிய விலாசம் இந்தத் தடவை என்னுடையது.

செங்கல்பட்டில் கடைசி நாள் வகுப்பறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். அப்போது அழவில்லை. ரயில் ஏரியைத் தாண்டும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, பக்கத்தில் இருந்தார். இன்னும் அந்த ஜன்னல் எனக்கு வேண்டும்தான், நைனா. நீங்கள் என்ன சொன்னாலும், வைத்த இடத்தில் இருக்கிற சாமான்களுக்கு ஒரு கருணை இருக்கிறது.

ஆனால் இதையும் எழுத வேண்டும். செங்கல்பட்டில் நான் டீச்சர். ஆனாலும் கடைத்தெருவில் சில்லறையை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைக்கிற கடைகள் இரண்டு இருந்தன. நான் உங்களிடம் சொன்னதில்லை. இன்ன சேரியிலிருந்து வந்த இன்னாருடைய மகள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு வருஷமும் தெரிந்தே இருந்தது.

இன்று காலை இங்கே சந்தைக்குப் போனேன். கொத்தமல்லிக் கட்டு வாங்கினேன். விற்கிற அம்மாள் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, "புதுசா வந்திருக்கியா, கண்ணு? எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"கடற்கரைப் பக்கம்" என்றேன்.

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வீட்டுக்கு வழி சரியாகத் தெரியாது. தெரியாத தெருக்களில், கையில் கொத்தமல்லி மணக்க, வெகுநேரம் சும்மா நடந்தேன், நைனா.

உங்கள் மகள்,
சந்திரம்மா